வலியோடு வாழ்கிறவளுக்கு வலி பிடிக்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பெண், வயது முப்பத்தைந்து. ஆறு வருடமாக உடம்பு முழுக்க வலி. ஃபைப்ரோமயால்ஜியா என்று மதுரையில் பெயர் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தினமும் ப்ரீகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை, வலி கிளம்பும் நாளில் கூடுதலாக ஒரு மாத்திரை. ஆனால் கணவரோடு தனியாக இருக்கும்போது அவர் அழுத்திக் கிள்ளுவதும் தொடையில் அடிப்பதும் இந்தப் பெண்ணுக்குப் பிடிக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்கிறார். கணவர் பயந்துபோயிருக்கிறார். “பகலெல்லாம் வலிக்குது வலிக்குதுன்னு அழுதுட்டு ராத்திரி அடிக்கச் சொல்றியே, அப்ப அந்த வலி பொய்யா?” என்று ஒரு நாள் கேட்டும்விட்டார். இது மனநோயா, உடம்புக்குக் கெடுதலா, டாக்டரிடம் சொல்லலாமா, பக்கத்து அறையில் மாமியார் படுத்திருக்கிறாரே என்ன செய்வது என்று அந்தப் பெண் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

நான் பிசியோதெரபிஸ்ட். இந்தக் கரையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களின் தோள்பட்டை, வலை இழுக்கிறவர்களின் இடுப்பு, இதுதான் என் பிழைப்பு. எனக்கே முதுகெலும்பு இறுகிக்கொண்டு வரும் நோய் இருக்கிறது. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்பார்கள். காலையில் கட்டிலிலிருந்து எழுந்து நிமிர எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அப்புறம், நீங்கள் சொல்கிற அந்த விருப்பமும் எனக்கு உண்டு. பெயர் போடாமல்தான் எழுதுகிறேன், ஊர் சின்னது.

வீட்டுக்காரர் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் “பத்துக்கு எத்தனை வலி?” என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் அதற்கு முழிப்பார்கள். “எப்படி வலிக்குது?” என்று கேட்டுப் பாருங்கள், கொட்டுவார்கள்: குடையுது, கடுகடுங்குது, உளையுது, காந்துது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, சுள்ளுங்குது, இழுத்துப் பிடிக்குது, மதமதன்னு மரத்துப் போகுது. இத்தனையையும் ‘வலி’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதால்தான் உங்கள் வீட்டுக்காரருக்குக் குழப்பம். உங்கள் நோய் தருவது குடைச்சல். எப்போது தொடங்கியது, எப்போது முடியும் என்று தெரியாது, யாரிடமும் போதும் என்று சொல்ல முடியாது. கிள்ளும்போது வருவது சுரீர். வருவது தெரியும், ஏறுவது தெரியும், இறங்குவதும் தெரியும். அதைவிட முக்கியம், நிறுத்து என்றால் நிற்கும். ஆறு வருடமாக உங்கள் உடம்பில் நீங்கள் நிறுத்து என்று சொல்லி நின்ற வலி அது ஒன்றுதான். அது பிடிப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இது என் கவிதை மட்டுமல்ல. வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020இல் வலிக்கான தன் விளக்கத்தைத் திருத்தியபோதும், வலி என்பது உடல் உணர்வும் மன உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்பதை விடாமல் வைத்துக்கொண்டது. நரம்பு கொண்டுவருவது செய்தியை மட்டும்தான். அது வலியா, எவ்வளவு வலி, அதற்கு என்ன அர்த்தம் என்பதெல்லாம் மேலே தீர்மானமாகிறது. ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் 1965இல் சொன்ன ‘வாசல்’ கோட்பாடு நினைவிருக்கட்டும்: முதுகுத் தண்டிலேயே ஒரு வாசல் இருக்கிறது, மற்ற உணர்வுகளும் மூளையிலிருந்து இறங்கி வரும் கட்டளைகளும் அதைத் திறக்கும், மூடும். முட்டி இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோமே, அதுதான். பதற்றத்தில் இருக்கும்போது வாசல் அகலத் திறக்கும். நம்பிக்கையான ஆளின் கையில், நாமே கேட்டு வாங்கும்போது, அதே அடி வேறு மாதிரி உள்ளே போகிறது.

மசோகிசம், அதாவது வலியில் இன்பம் காண்பது, என்றாலே ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கிறவர்களுக்கு நம் ஊர் முண்டு மிளகாயைத்தான் காட்டுவேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே இராமநாதபுரம் முண்டுதான். அதில் இருக்கும் கேப்சைசின் என்ற காரப்பொருள் நாக்கைச் சுடுவதில்லை. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடுபட்டால் விழித்துக்கொள்ளும் ஒரு நரம்பு வாயிலை, சூடே இல்லாமல் தட்டி எழுப்புகிறது. அந்த வாயிலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தீயே இல்லாத தீக்காய உணர்வு, அதற்காகக் கண்ணில் நீர் வழிய இன்னொரு கை மீன் குழம்பு கேட்கிறோம். பால் ரோசின் என்ற உளவியலாளர் மெக்சிகோ கிராமத்தில் மிளகாய் தின்பவர்களைப் பார்த்துவிட்டு, தேர்வு கொடுத்தால் அங்கிருந்த நாயும் பன்றியும் காரமில்லாததைத்தான் தேடிப் போகின்றன, மனிதர்கள் மட்டும் காரத்தைத் தேடுகிறார்கள் என்று 1980 வாக்கில் எழுதினார். உடம்பு அலறுகிறது, ஆனால் ஆபத்தில்லை என்று மனதுக்குத் தெரிகிறது, அந்த இடைவெளியில்தான் சுகம். பின்னாளில் இதற்கு அவர் வைத்த பெயரே ‘தீங்கற்ற மசோகிசம்’.

காவடியையும் பூக்குழியையும் இதோடு சேர்த்துப் பேசுவது சிலருக்குக் கோபம் வரவைக்கும். நேர்த்திக்கடன் வேறு, படுக்கையறை வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உடம்புக்குள் நடப்பதில் ஒற்றுமை உண்டு. மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியை டிமிட்ரிஸ் ஷிகலாடாஸ் என்ற மானுடவியலாளரின் குழு ஆராய்ந்து 2019இல் எழுதியது. நாள்பட்ட நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக அலகு குத்திக்கொண்டார்கள். அதிக வலியை ஏற்றவர்களிடம்தான் மனநிலை முன்னேற்றமும் அதிகம் தெரிந்தது. ஒரு ஊர், ஒரு திருவிழா, அதை வைத்து எல்லோருக்கும் சட்டம் போட முடியாது. ஆனாலும் ‘நோயாளிக்கு எதற்கு இந்த வலி’ என்று கேட்பவர்களிடம் காட்டலாம். நோயாளிதான் தேடிப் போயிருக்கிறார்.

இவ்வளவு சொன்னதும், வலிக்கு வலி மருந்து, முள்ளை முள்ளால் எடுக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். இங்கேதான் நான் சறுக்கினேன். ஓரிடத்தில் வலித்தால் இன்னோரிடத்து வலி அமுங்கும் என்பது உண்மைதான், 1979 முதல் ஆய்வுக்கூடங்களில் தெரிந்த விஷயம். என் இடுப்பு கொன்றுகொண்டிருந்த ஒரு இரவில் அதை நம்பி, அன்றைக்கு டிரமடால் என்ற கடும் வலி மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டிருந்ததையும் சொல்லாமல், வீட்டுக்காரரை இன்னும் இன்னும் என்றேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மறுநாள் தொடை பூராவும் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. இரண்டு நாள் எழவில்லை. அவர் மூன்று மாதம் என்னைத் தொடவே மறுத்தார், என் உடம்பை விட அவர் மனது ஆற அதிக நாள் எடுத்தது. தவறு என்னுடையது. அவரிடம் இருந்த ஒரே அளவுகோல் என் முகம், அதை மாத்திரையால் மூடிவைத்தது நான்.

உங்களுக்கு இன்னொரு சிக்கல். ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்கள் பலருக்கு அந்த ‘ஒரு வலி இன்னொன்றை அமுக்கும்’ ஏற்பாடே பலவீனமாக இருக்கிறது. அமுக்குவதற்குப் பதில் எல்லா வலியும் சேர்ந்து கூட்டம் போட்டுவிடும். அதனால் உங்களுக்கு இது விருப்பமாக இருக்கலாம், விளையாட்டாக இருக்கலாம், சிகிச்சையாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். வலி கிளம்பியிருக்கும் நாளில் தொடங்கவே வேண்டாம். எப்படித் தெரியும் என்றால், ரவிக்கை இறுக்கமும் சேலைக் கொசுவமும்கூட உறுத்துகிற நாள் இருக்கிறதல்லவா, அந்த நாள். லேசாகத் தொட்டாலே வலிக்கிற தோலில் சுரீருக்கு இடமில்லை. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் என்று உங்கள் வீட்டுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மீன் இல்லாததால் அல்ல, மீன் பெருகட்டும் என்றுதான் கடலுக்குப் போகாமல் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையையே வைத்துக்கொண்டோம். “இன்னைக்குத் தடைக்காலம்” என்றால் அன்றைக்குக் கேள்வி இல்லை, முகம் சுளிப்பும் இல்லை.

நாள்பட்ட வலி உள்ள உடம்புக்குக் கடன் புத்தி. இன்றைக்குச் செய்ததற்கான கணக்கை நாளைக்கோ மறுநாளோதான் கொண்டுவந்து நீட்டும். மற்றவர்கள் அன்று ராத்திரியே எப்படி இருந்தது என்று பேசி முடித்துவிடலாம், நாம் நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துத்தான் பேச முடியும். ஒரு பழைய டைரி போதும். எந்த இடம், கிள்ளா அடியா, எவ்வளவு நேரம், அன்று என்ன மாத்திரை, மறுநாள் காலை எப்படி, மூன்றாம் நாள் எப்படி. ஐந்தாறு தடவை எழுதினால் உங்கள் உடம்பின் குணம் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது இது: அடியைவிட, அடி வாங்கும்போது ஒரே மாதிரி குப்புறக் கிடப்பதுதான் மறுநாள் என்னைப் படுக்கவைத்தது. இடுப்புக்கடியில் தலையணை வைத்தபிறகு பாதிச் சிக்கல் போய்விட்டது. வலி உள்ள உடம்புக்கு முதல் எதிரி சங்கடமான கிடை, இதைப் பிசியோதெரபிஸ்டாகவும் சொல்கிறேன்.

மாத்திரைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். ப்ரீகாபலின் தலைசுற்றலும் அசதியும் தரும், டிரமடால் உணர்வை மழுக்கும், போட்ட சில மணி நேரத்துக்கு உங்கள் ‘போதும்’ தாமதமாகத்தான் வரும். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் டுலோக்செடின், ஆஸ்பிரின், வழக்கமான வலி மாத்திரைகள், ரத்தம் உறையாமல் இருக்கத் தருபவை, இவையெல்லாம் கன்றிப்போவதைக் கூட்டும். மெடிக்கலில் பெயர் சொல்லாமல் பொட்டலம் கட்டித் தரும் ‘செட்’ மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சாதாரணம், மாதக்கணக்கில் தின்றவர்களுக்குத் தோல் காகிதமாகிவிடும், எலும்பும் இளைக்கும். அதைத் தின்றுகொண்டிருந்தால் முதலில் அதைப் பற்றி ஒரு நல்ல டாக்டரைப் பாருங்கள், மற்றது அப்புறம்.

இடம் என்று பார்த்தால், சதை உள்ள இடம் மட்டும்: பிட்டம், தொடையின் வெளிப்பக்கம், மேல் கையின் தசை. முதுகெலும்பு, விலாவுக்குக் கீழே சிறுநீரகம் இருக்கும் பகுதி, மூட்டுகள், வயிறு, தலை, முகம் இவற்றின் பக்கமே வேண்டாம். கழுத்தை நெரிப்பதில் பத்திரமான முறை என்று ஒன்று கிடையாது, எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும். கட்டுவது பிடிக்கும் என்றால் மணிக்கட்டிலும் மேல் கையிலும் நரம்பு தோலுக்கு அருகில் ஓடுகிறது, அழுத்தினால் கை தொங்கிப்போகும். மதமதப்பு வந்த நொடியே அவிழ்க்க வேண்டும், கையெட்டும் தூரத்தில் கத்தரிக்கோல் இருக்க வேண்டும். துணி கிளிப் விஷயத்தில் ஒரு விசித்திரம்: மாட்டும்போது வலிப்பதைவிட, ரத்தம் திரும்பப் பாயும்போது, எடுக்கும்போதுதான் சுரீர். முன்னாலேயே தெரிந்திருந்தால் பயம் வராது.

கடற்கரைக்காரர்களுக்கென்று ஒன்று. தோல் கிழிந்திருந்தால், நகக்கீறலாகவே இருந்தாலும், அது ஆறும்வரை கடலில் இறங்காதீர்கள். நம் வெதுவெதுப்பான கடல் நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் புண்ணுக்குள் போனால் வேகமாகப் பரவும். சர்க்கரை வியாதியோ ஈரல் நோயோ உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. பாசி எடுக்கப் போகிறவராக இருந்தால், விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் போகிறீர்கள், தொடையில் யார் சுற்றுவது? தோல் கிழியாத விளையாட்டோடு நிறுத்திக்கொள்வது நமக்கு லாபம்.

‘போதும்’, ‘வேண்டாம்’, ‘ஐயோ’ எல்லாம் இன்பத்திலும் வாயில் வரும் வார்த்தைகள். அதனால் நிறுத்துவதற்கென்று தனிச்சொல் ஒன்று வேண்டும், சேஃப் வேர்டு என்பார்கள். எங்களுடையது ‘நங்கூரம்’. அந்தச் சொல் காதில் விழுந்ததும் எல்லாம் நிற்கும், ஏன் என்று கேட்பதுகூடப் பிறகுதான். நமக்கு இன்னொரு சொல்லும் வேண்டும், நிறுத்தச் சொல்லாமல் ‘இது அந்த வலி, நீ கொடுத்தது இல்லை’ என்று சொல்ல. நோய் வலி நடுவில் எட்டிப் பார்க்கும்போது நான் ‘குடைச்சல்’ என்பேன். அவர் அடியை விட்டுவிட்டு என்னைத் திருப்பிப் படுக்க வைப்பார். இந்த இரண்டாவது சொல் வந்த பிறகுதான் அவர் பயம் குறைந்தது. தன் கை எது, நோயின் கை எது என்று அவருக்குப் பிரித்துத் தெரிந்தது.

அவர் பயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், தங்கச்சி. பகலில் மாத்திரை எடுத்துத் தருவதும் தண்ணீர்க் குடம் தூக்குவதும் அவர். ராத்திரியில் அடிப்பதும் அவர். ஒரே ஆள் இரண்டு வேலையும் பார்ப்பது லேசில்லை. அதில் உங்களுக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. பார்த்துக்கொள்கிறவரிடம் ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று சொல்ல நாக்கு கூசும், கடன்பட்ட உணர்வு வரும். எனவே சோதனை இப்படி: வேண்டாம் என்று சொன்ன மறுநாள் குடம் நிறைகிறதா? முகம் மாறாமல் மாத்திரை வருகிறதா? வந்தால் நீங்கள் விளையாடுகிறீர்கள். இல்லையென்றால் அதற்குப் பெயர் வேறு, 2005இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. பொறுத்துப் போ, பொறுத்துப் போ என்று சொல்லிச் சொல்லியே பெண்ணை வளர்க்கிற ஊரில், கேட்டு வாங்கும் வலியையும் பொறுத்துக்கொள்ளும் வலியையும் குழப்பிக்கொள்வது சுலபம். கேட்டு வாங்குகிறவளுக்கு மறுக்கவும் தெரிந்திருக்கும்.

மனநோயா என்றால், இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தபோது, சம்மதத்தோடு நடக்கும் சேடோ-மசோகிசம், அதாவது வலி கொடுத்தும் வாங்கியும் இன்பம் காண்பது, நோய் என்ற தலைப்பிலிருந்தே நீக்கப்பட்டது. சம்மதமில்லாதவரைத் துன்புறுத்தி இன்பம் காண்பதுதான் இப்போது அதில் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013 கையேடும், விருப்பம் வேறு, அதனால் தவிப்போ வாழ்க்கை முடக்கமோ வந்தால்தான் கோளாறு என்று பிரித்துவிட்டது. சம்மதம் என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை என்பது நமக்கு ஏட்டிலிருந்து தெரிய வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று இங்கே ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அவர்களை யாரும் கேட்டுக் கட்டவில்லை. அன்றைக்கு எனக்கு வயது இருபத்தைந்து கூட இல்லை. கட்டு என்ற விஷயத்தில் கத்தரிக்கோலைப் பற்றி நான் இவ்வளவு கறாராக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 87தான்: பதினெட்டு வயது நிரம்பியவர் சம்மதித்து, மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் நோக்கமும், அது விளையக்கூடும் என்ற அறிதலும் இல்லாமல் செய்தது குற்றமாகாது. அதற்கு அது காட்டும் உதாரணம், பொழுதுபோக்காக வாள் வீசிப் பழகும் இருவர். எலும்பு முறிவு, முகத்தில் நிரந்தர வடு, பதினைந்து நாள் கடும் வலி இவையெல்லாம் கொடுங்காயத்தில் அடக்கம், அதற்குச் சம்மதம் காப்பு இல்லை.

பாப் ஃப்ளனகன் என்று ஒரு அமெரிக்கக் கலைஞர் இருந்தார். 1952இல் பிறந்தவர். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நுரையீரல் நோய். மசோகிஸ்ட் என்பதை மேடையிலேயே வெளிப்படையாகச் சொன்னவர். நோய் தன் உடம்பை ஆட்டி வைத்தபோது, தானும் துணைவியும் சேர்ந்து அந்த உடம்பை ஆட்டிவைத்தார்கள். சின்ன வயதிலேயே போய்விடுவார் என்று மருத்துவர்கள் நினைத்தவர் 43 வயதுவரை இருந்து, 1996 ஜனவரியில் இறந்தார். வலியால்தான் வாழ்ந்தார் என்று நான் சொல்லவில்லை. கடைசிக் காலத்தில் மூச்சு ஒத்துழைக்காதபோது அந்த விளையாட்டும் சுருங்கிப்போனது. எனக்கும் ஒரு நாள் அப்படி வரும். முதுகெலும்பு முழுதும் இறுகிவிட்டால் பல விஷயங்களை விட வேண்டியிருக்கும். கை விரல் நகத்தால் மெல்லக் கீறுவதும் ஐஸ் கட்டியும் மட்டும் மிஞ்சும் என்று நினைக்கிறேன், பரவாயில்லை.

டாக்டரிடம் சொல்லலாமா? வலி மருந்து எழுதுகிறவரிடம் சொல்வது நல்லது, ஏனென்றால் கன்றிய அடையாளத்தைப் பார்த்தால் அவர் வீட்டுக்காரரைத்தான் சந்தேகிப்பார், சந்தேகிக்கவும் வேண்டும். கூட்டமில்லாத நேரத்தில், தனியாக, இரண்டு வரி போதும்: “இது எங்க ரெண்டு பேர் சம்மதத்தோட நடக்கிறது, யாரும் அடிச்சுக் கொடுமை பண்ணலை. இந்த மாத்திரையோட இது பரவாயில்லையா, ரத்தம் கட்டுமா?” என்று கேளுங்கள். கேள்வி மாத்திரையைப் பற்றியதாக இருந்தால் பெரும்பாலானவர்கள் மாத்திரையைப் பற்றியே பதில் சொல்வார்கள். சிரித்தாலோ உபதேசம் செய்தாலோ ஆளை மாற்றுங்கள். லாட்ஜில் அறை எடுத்துத் தங்கிப் போஸ்டர் ஒட்டும் வைத்தியர்களிடம் மட்டும் போகாதீர்கள், இல்லாத நோய்க்கு இருபதாயிரம் வாங்கிவிடுவார்கள்.

மாமியார் விஷயம். அடிக்குத்தான் சத்தம். கிள்ளுக்கும் கிளிப்புக்கும் ஐஸுக்கும் சத்தம் கிடையாது. வாயைத் தலையணையில் புதைத்தால் சேஃப் வேர்டு கேட்காது, அதனால் கையில் சாவிக்கொத்து ஒன்றை வைத்துக்கொண்டு, அது கீழே விழுந்தால் நிறுத்து என்று பேசிவையுங்கள். அடிதான் வேண்டும் என்றால் கச்சான் காற்று வரும்வரை பொறுங்கள். ஆனி ஆடியில் தகரக் கூரை போடுகிற கூச்சலில், பக்கத்து அறையில் அவருக்கு அவர் குறட்டையே கேட்காது.